ஸ்கூட்டரில் ஒரு சார்ஜிங் பாயிண்ட்: யார் பொறுப்பு?

மாலை ஏழு மணிக்குப் பெங்களூரிலோ ஐதராபாத்திலோ தில்லியிலோ கொச்சியிலோ, உணவகங்கள் நெருங்கிய ஒரு தெருவில் நின்றால் தென்படும் காட்சி ஏறத்தாழ ஒன்றுதான். பத்துப் பதினைந்து ஸ்கூட்டர்கள். பின்னிருக்கையில் வண்ணப் பெட்டிகள். கைப்பிடியில் பிடிப்பானில் செருகிய செல்பேசிகள். சற்றுக் கூர்ந்து நோக்கினால், பல வண்டிகளில் முன்பலகையின் இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய வயர் வெளிவந்து செல்பேசியில் முடிவது தெரியும். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர். சிலவற்றின் மேல் மழைக்குக் காப்பாக ஒரு பிளாஸ்டிக் பை. வண்டியைச் செய்த நிறுவனம் அதை வைக்கவில்லை. சாலையோரத்து எலெக்ட்ரீஷியன் அரைமணி நேரத்தில் வைத்துக் கொடுத்தது.

அந்த வயரைச் சில்லறை விஷயம் என்று கடந்துபோவது எளிது. உழைப்பைப் பற்றிய ஆய்வுகள் ஊதியம், வேலைநேரம், தரப்புள்ளி, அல்காரிதம் ஆகியவற்றைப் பேசுகின்றன. வாகனத் துறை எழுத்துகள் மைலேஜையும் விலையையும் பேசுகின்றன. இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்ட பொருள் இந்த வயர். ஆனால் மூன்று கேள்விகள் அதில் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. ஒரு தொழிலுக்கு இன்றியமையாத மின்சாரத்திற்கு யார் செலவு செய்கிறார்? அதைப் பெறுவதில் உள்ள ஆபத்தை யார் சுமக்கிறார்? அதைப் பாதுகாப்பாகச் செய்யும் அறிவு யாரிடம் இருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது?

முதலில் வண்டியின் கதை. 1970-களில் இந்தியச் சாலைகளை நிறைத்த கியர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. எஞ்சின் சுழலும்போது மேக்னெட்டோ தரும் மின்சாரத்தில் விளக்கு எரிந்தது. எஞ்சின் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கியது. மின்சாரம் அந்த வண்டியில் எரிபொறிக்கும் விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டுமே உரியது. 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டாவும் 2001-இல் வந்த ஹோண்டா ஆக்டிவாவும் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதியைப் பொதுவழக்காக்கின. அதற்கென ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கைக்கு அடியிலோ காலடிப் பலகைக்கு அடியிலோ இடம்பெற்றது. அதன் அளவு பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-மணி. காரின் பேட்டரியோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். எஞ்சினைக் கிளப்புவதற்காக அளந்து வைத்த பேட்டரி அது. வேறொரு கருவிக்கு நாள்முழுதும் ஊட்டுவதற்காக வைக்கப்பட்டதன்று.

பின்னர் இரண்டு ஒழுங்குமுறைகள் அந்தச் சிறு பேட்டரியின் வாழ்வை மாற்றின. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்ற விதி வந்தது. இழைவிளக்கு உள்ள வண்டியில் அது பகலிலும் 35 வாட் அளவுக்குச் சுமை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது கார்புரேட்டர் விலகி, மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு ஸ்கூட்டர்களில் பரவியது. எரிபொருள் பம்பு, தெளிப்பான், அவற்றை ஆளும் கணினிப் பலகை எல்லாம் பேட்டரியின் மின்னழுத்தத்தை நம்புகின்றன. பழைய வண்டியில் பேட்டரி இறங்கினால் நான்கு உதையில் வண்டி கிளம்பிவிடும். புதிய வண்டியில் பேட்டரி அறவே இறங்கிவிட்டால் உதைப்பதும் பயன்தரும் என்று உறுதி சொல்ல முடியாது. எல்இடி விளக்குகள் மின்சுமையைக் குறைத்திருக்கின்றன என்பது உண்மை. எனினும் ஸ்கூட்டரின் மின்னமைப்பு முன்னைவிட நுட்பமானதாகவும் தவறைப் பொறுக்காததாகவும் ஆகியிருக்கிறது. அந்த அமைப்பின் மீதுதான் செல்பேசி வந்து அமர்ந்தது.

செல்பேசி எவ்வளவு கேட்கிறது? சாதாரண வேகத்தில் சார்ஜ் செய்ய 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட். வண்டியின் 12 வோல்ட் வரியிலிருந்து பார்த்தால் அது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. முகப்பு இழைவிளக்கின் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே எஞ்சின் ஓடும்போது இந்தச் சுமையைத் தாங்குவது ஸ்கூட்டருக்குப் பெரிய காரியமில்லை. சிக்கல் எஞ்சின் நிற்கும்போதுதான் தொடங்குகிறது.

விநியோகத் தொழிலாளரின் நாளை இங்கே நினைவுகொள்ள வேண்டும். அவர் நாளெல்லாம் ஓட்டிக்கொண்டிருப்பவர் அல்லர். நாளின் கணிசமான பகுதி காத்திருப்பு. உணவகத்தின் வாசலில், அடுக்குமாடியின் காவலறை அருகில், அடுத்த ஆர்டருக்காக மரநிழலில். பெட்ரோல் விலையை எண்ணி எஞ்சினை அணைத்துவிடுகிறார். செல்பேசி மட்டும் விழித்திருக்க வேண்டும். சாவியைத் திறந்து வைத்துச் சார்ஜ் ஏற்றினால் 3 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதி இரண்டு மணிநேரத்திற்குள் தீர்ந்துவிடும். அதற்குமேல் 'செல்ஃப் எடுக்காது'. ஊதியம் பெரும்பாலும் ஆர்டர் கணக்கில்தான். காத்திருப்புக்குத் தனியே கூலி இருப்பது அரிது. கூலியில்லாத நேரத்திற்கான மின்சாரத்தை வண்டியின் பேட்டரி தன் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அந்தப் பேட்டரியை மாற்றும் செலவும் தொழிலாளருடையதே.

இந்த இணைப்பைச் சரியாகச் செய்வது எப்படி என்பதில் பெரிய மறைபொருள் ஏதுமில்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து வயர் புறப்படும் இடத்திலேயே, இரண்டு மூன்று ஆம்பியருக்கு ஒரு தனி ஃபியூஸ். சாவியைத் திறந்தால் மட்டுமே மின்சாரம் வரும்படி, இக்னிஷன் வரியால் இயங்கும் ஒரு சிறு ரிலே. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றுவதற்கு ஸ்விட்சிங் முறை மாற்றி. எதிர்முனையைத் தகர உடம்பில் எங்கோ திருகாமல் பேட்டரிக்கே திரும்பக் கொண்டுவரும் வயர். கைப்பிடி இருபுறமும் முழுதாகத் திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு. செருகியின் வாயை மூடும் ரப்பர் மூடி. இவ்வளவே.

இவற்றில் ஒவ்வொன்றையும் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெளிவு. தனி ஃபியூஸ் இல்லையென்றால், கைப்பிடித் தண்டில் உராய்ந்து உறை தேய்ந்த மெல்லிய வயர் உடம்பைத் தொட்ட கணத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். வண்டியின் முதன்மை ஃபியூஸ் பத்து, பதினைந்து ஆம்பியர் வரை பொறுத்திருக்கும். நூல்போன்ற வயருக்கு அந்தப் பொறுமை இல்லை. ரிலே இல்லாமல் பேட்டரியோடு நேரே இணைத்தால், செல்பேசி செருகப்படாதபோதும் மாற்றியும் அதன் நீலநிறச் சிறுவிளக்கும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கும். அது 15 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர்-மணி, எட்டு நாளில் சிறு பேட்டரி முழுவதும் காலி. வண்டி கிளம்ப மறுப்பதற்கு அதில் பாதி நாளே போதும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவர் எழுந்து வந்து பார்த்தால் வண்டியும் படுத்திருக்கும். மலிவான மாற்றிகள் சில, மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்துத் தள்ளும் பழைய முறையில் வேலை செய்பவை. 14 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுத்தால் உள்ளே போகும் 14 பங்கில் 9 பங்கு வெறும் சூடு. அந்தச் சூடு பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்குகிறது.

மின்சார ஸ்கூட்டர் வந்தால் இந்தக் கதை முடிந்துவிடும் என்று நினைப்பதற்கில்லை. அங்கே ஓட்டத்திற்குரிய பேட்டரி 48 வோல்ட், 60 வோல்ட் என்ற உயர்ந்த அளவுகளில் இருக்கிறது. விளக்கு முதலியவற்றுக்கு ஒரு மாற்றி 12 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. அந்த வேறுபாடு தெரியாமல் தவறான வயரில் கைவைத்தால் விளைவு இன்னும் கடுமையானது. மேலும் மின்சார வண்டியில் செல்பேசிக்குப் போகும் ஒவ்வொரு வாட்-மணியும் பயணத் தூரத்திலிருந்து கழிகிறது. கழிவது சிறிதுதான், ஆனால் கணக்கு ஒரே பையிலிருந்து.

பெட்ரோல் வண்டியில் அந்தக் கணக்கைக் காசாகவும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. எஞ்சினிலும் மின்னாக்கியிலும் இழப்புகளைக் கழித்தால் அதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமாகக் கையில் வரும் என்று தோராயமாகக் கொள்ளலாம். அதாவது 900 வாட்-மணி. செல்பேசி சராசரியாக 5 வாட் வீதம் பத்து மணிநேரம் இழுத்தால் 50 வாட்-மணி. லிட்டர் நூறு ரூபாய் என்றால் அது ஐந்தரை ரூபாய். வீட்டுச் சுவரில் செருகினால் இதே மின்சாரத்திற்கு ஐம்பது பைசாகூட ஆகாது. நாளுக்கு ஐந்து ரூபாய் எவரையும் ஏழையாக்காது என்று சொல்லலாம். மாதத்திற்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது ரூபாய். அதனோடு சார்ஜர் கருவியின் விலை, பொருத்துகூலி, ஆண்டுக்கு இரண்டு மூன்று கேபிள், காலத்திற்கு முன்பே மாற்றவேண்டிய பேட்டரி, வெயிலில் சார்ஜ் ஏறி ஏறிச் சீக்கிரம் தளரும் செல்பேசி ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும். இவை எந்த ஊதியச் சீட்டிலும் ஏறாத செலவுகள். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும் 2029-30-இல் அவர்கள் 2.35 கோடி ஆகக்கூடும் என்றும் மதிப்பிட்டது. எல்லோரும் ஸ்கூட்டர் ஓட்டுபவர் அல்லர். எனினும் அதில் ஒரு பகுதியினரை மட்டும் எண்ணிப் பார்த்தாலும், இந்தச் சில்லறை எவ்வளவு பெரிய தொகையாகத் திரண்டு தொழிலாளரின் பக்கம் நிற்கிறது என்பது புலப்படும்.

ஆலையில் நெய்பவர் தறிக்கான மின்கட்டணத்தைத் தம் கூலியிலிருந்து கட்டுவதில்லை. பீடி சுற்றும் வீட்டில்கூட இலையும் தூளும் ஒப்பந்தக்காரரிடமிருந்து வருகின்றன. தொழிலாளருடையது கத்தரிக்கோலும் உழைப்பும். செயலி வழி விநியோகத்தில் வண்டி, எரிபொருள், செல்பேசி, இணையக் கட்டணம், அந்தச் செல்பேசியை உயிரோடு வைக்கும் மின்சாரம் எல்லாம் தொழிலாளருடையவை. நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வருவது ஆர்டர் மட்டும். செல்பேசி அணைந்தால் அந்த ஆர்டரும் வராது. கையிலிருக்கும் உணவு யாருக்குரியது என்பதும் தெரியாது. வழியில் அணைந்த செல்பேசி ஒரு தாமதமாகவும், ஒரு குறைந்த தரப்புள்ளியாகவும், சிலபோது ஒரு தண்டனைப் பிடித்தமாகவும் முடிகிறது.

இப்படி இன்றியமையாத ஒன்றை வணிக மொழி எவ்வாறு அழைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷோரூம் ரசீதில் அது 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்'. கால்மிதி, இருக்கை உறை, பக்கக் கம்பி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அது எழுதப்படுகிறது. பல நிறுவனங்களின் உயர்விலை வகைகளில் யூஎஸ்பி முனை உடன்பிறந்ததாகவே வருகிறது. அடிவிலை வகையில் அது விருப்பத்திற்குரியது. அதாவது ஓய்வுக்கு ஓட்டுபவரின் வண்டியில் அது இருக்கிறது. பிழைப்புக்கு ஓட்டுபவரின் வண்டியில் இல்லை.

மொழியியலில் ஒரு வினை கட்டாயமாகக் கேட்கும் உறுப்பு வேறு, விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் உறுப்பு வேறு. தமிழிலக்கண மரபு செயப்படுபொருள் குன்றா வினை என்று ஒரு வகையைப் பிரித்தது இந்த உணர்வால்தான். 'நேற்று', 'மெதுவாக' என்பவற்றை நீக்கினாலும் வாக்கியம் நிற்கும். 'கொடுத்தான்' என்பதிலிருந்து கொடுத்த பொருளை நீக்கினால் கேட்பவர் 'எதை?' என்று கேட்பார். ஸ்கூட்டரை வீட்டுவண்டியாக மட்டும் நினைத்தவர்களுக்குச் சார்ஜிங் பாயிண்ட் 'மெதுவாக' என்பதைப் போன்றது. விநியோகம் என்னும் வினைக்கு அது செயப்படுபொருளுக்கு நிகரானது. நீக்கினால் வாக்கியமே விழுந்துவிடும். 'எக்ஸ்ட்ரா' என்ற சொல் இந்த வேறுபாட்டை மறைக்கிறது. மறைப்பதன் மூலம் செலவை இடம்மாற்றுகிறது.

இன்னொரு சொல்லும் இங்கே தன் வேலையைச் செய்கிறது: இந்தியிலிருந்து மேலாண்மைக் கல்வி வரை பரவிய 'ஜுகாட்'. இருப்பதைக்கொண்டு ஒப்பேற்றும் திறமையை அச்சொல் போற்றுகிறது. 2012-இல் வெளிவந்த 'ஜுகாட் இன்னோவேஷன்' என்ற நூலுக்குப் பிறகு அது வணிகப் பள்ளிகளின் பாடமாகவே ஆயிற்று. டேப் சுற்றிய வயரைப் படமெடுத்து 'இந்தியனின் மூளை' என்று பகிர்பவர்களுக்கு அதில் உண்மையான வியப்பு இருக்கலாம். ஆனால் அந்த வயரைப் போட்டவர் கண்டுபிடிப்பாளராக விரும்பிப் போடவில்லை. வேறு வழி தரப்படாததால் போட்டார். திறமையைப் பாராட்டும் அதே மூச்சில், திறமை தேவைப்பட்ட நிலையை இயல்பாக்கிவிடுகிறது அச்சொல். ஃபியூஸ் இல்லாத வயரை ஜுகாட் என்று கொண்டாடுபவர் தம் சொந்த வண்டிக்கு அதைப் போட்டுக்கொள்வதில்லை.

சாலையோர எலெக்ட்ரீஷியனைக் குறை கூறுவது இதன் பொருளன்று. அவருடைய அறிவு பெரும்பாலும் சரியானது. 'செல்ஃப்', 'எர்த்', 'ஃபியூஸ்', 'ரிலே', 'ஹோல்டர்' என்று அவர் கையாளும் சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்து, இந்திய மொழிகள் பலவற்றில் பொதுச்சொத்தாகி, புதுப்பொருளும் புது இலக்கணமும் பெற்றவை. ஆங்கிலத்தில் 'செல்ஃப்' என்று தனியே சொன்னால் தொடக்கி மோட்டார் என்று பொருள்படாது. தமிழ்ப் பணிமனையில் வேறெதுவும் பொருள்படாது. அகராதிகளும் கலைச்சொல் தொகுதிகளும் அரிதாகவே எட்டிப்பார்க்கும் ஒரு முழுமையான தொழில்மொழி அது. அவருக்கு இல்லாதது அறிவன்று, ஆவணம். வண்டியோடு வரும் பயனர் கையேடு பேட்டரியைத் துடைக்கச் சொல்லும். முழு மின்சுற்று வரைபடம் பெரும்பாலும் நிறுவனப் பணிமனைகளுக்குரிய சேவைக் கையேட்டில்தான் இருக்கும். எந்த நிற வயர் சாவிக்குப் பின்னால் வருவது, எது கணினிப் பலகைக்குப் போவது என்பதைச் சோதனை விளக்கு வைத்துத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறார் அவர். தவறு நேர்ந்தால் உத்தரவாதம் போயிற்று என்ற பதில் வண்டிக்காரருக்குக் கிடைக்கிறது.

பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், செல்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் நான்கு துறைகளுள் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. கையேடுகள் யாருக்குக் கிடைக்கின்றன என்ற கேள்வியோடு, எந்த மொழியில் கிடைக்கின்றன என்ற கேள்வியும் அங்கே எழுப்பப்பட வேண்டியது. ஆங்கிலத்தில் மட்டும் உள்ள சுற்றுப்படம் பாதி உரிமைதான்.

சட்டம் எங்கே நிற்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அப்பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. செல்பேசி சார்ஜர் பதிவுச் சான்றிதழின் எந்த விவரத்தையும் தொடுவதில்லை. ஆதலால் அதைத் தடைக்குள் இழுப்பது பொருந்தாது. மறுபுறம், 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், ஓட்டுநரின் கவனம் கலையாத வகையில் வழிகாட்டலுக்கு மட்டும் செல்பேசியைப் பயன்படுத்த இடம் தந்தது. ஆக, வழிகாட்டும் கருவியாகச் செல்பேசியை விதி ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கருவிக்கு வண்டியில் மின்சாரம் எங்கிருந்து, எந்தத் தரத்தில் வரவேண்டும் என்பதுதான் சொல்லப்படாமல் கிடக்கிறது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. ராஜஸ்தான் 2023-இல் தனிச்சட்டமே இயற்றியது. இவை விபத்து, நோய், முதுமை ஆகியவற்றை எண்ணி எழுந்தவை, வேண்டியவையே. ஆனால் தொழிற்கருவி யாருடைய பொறுப்பு என்ற பழைய கேள்வியை இவை ஓரமாகவே விட்டுவிட்டன.

எதிர்வாதங்கள் உண்டு. பவர் பேங்க் இருக்கும்போது வண்டியில் கைவைப்பானேன் என்பது முதலாவது. நியாயமான கேள்வி, பலர் அதைத்தான் செய்கிறார்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒன்று, இழப்புகள் போக, செல்பேசியை ஒன்றரை முறை நிரப்பும். பன்னிரண்டு மணிநேர வேலைக்கு அது பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஆனால் அதுவும் தொழிலாளர் வாங்குவதே. வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்து வேகமாகத் தளர்வதே. ஒவ்வோர் இரவும் பல மணிநேரம் சுவர்ச் செருகியைக் கேட்பதே. ஓர் அறையில் ஆறு பேர் தங்கி இரண்டு செருகிகளைப் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கையில் அந்தச் செருகிக்கும் வரிசை உண்டு.

இரண்டாவது, மின்முனை இருந்தால் செல்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள் என்பது. பார்க்கும்படி செய்வது செயலியின் அமைப்பு. ஓடும்போதே ஒலித்து, சில நொடிகளுக்குள் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ஆர்டர். அதைத் திருத்தாமல் வயரைக் குறைசொல்வது நோயை விட்டு விரலைக் கட்டுவதாகும். மேலும், நான்கு விழுக்காடு சார்ஜோடு ஓட்டுபவர் திரையை அடிக்கடி பார்ப்பார். நிறைந்த சார்ஜோடு ஓட்டுபவருக்கு அந்தப் பதற்றம் இல்லை.

மூன்றாவது, விலை. அடிவிலை வகையில் எதைச் சேர்த்தாலும் வாங்குபவர் தலையில்தான் விழும் என்பது உற்பத்தியாளரின் வாதம். முழு யூஎஸ்பி முனையைக் கட்டாயமாக்காமலே இதற்கு விடை காணலாம். சாவியால் இயங்கும், தனி ஃபியூஸ் உள்ள ஒரு வயர்முனையை முன்பலகைக்குப் பின்னால் மூடிய கனெக்டரோடு எல்லா ஸ்கூட்டரிலும் விட்டுவைப்பது. அதன் வடிவத்தையும் மின்னளவையும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வரையறுப்பது. தொழிற்சாலையில் அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஓர் அடி வயரும் ஒரு ஃபியூஸும்தான். அதில் எந்தக் கடைக்காரரும் எந்தச் சார்ஜரையும் எதையும் வெட்டாமல் செருகலாம். உத்தரவாதத் தகராறும் எழாது. ஐரோப்பிய ஒன்றியம் செல்பேசிகளுக்கு யூஎஸ்பி-சி முனையை 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயமாக்கியது. கருவியின் பக்கத்தில் ஒரே வாய் என்பது இயன்றது என்றால், வண்டியின் பக்கத்தில் இயலாதது ஏன்?

இதனோடு வேறு மூன்றும் சேரவேண்டும். செயலி நிறுவனங்கள் சார்ஜருக்கும் அதைப் பொருத்துவதற்கும் ஆகும் செலவை ஏற்கவேண்டும். ஹெல்மெட்டையும் சட்டையையும் பெட்டியையும் தம் அடையாளத்திற்காகக் கொடுக்க முடிகிற நிறுவனங்களுக்கு ஃபியூஸோடு கூடிய ஒரு முனை பெரும்பாரமன்று. நகராட்சிகள் காத்திருப்பு இடங்களில் சுவர்ச் செருகிகளைத் தரவேண்டும். பெட்ரோலை எரித்துப் பெறுவதில் பத்தில் ஒரு பங்குச் செலவில் அதே மின்சாரம் அங்கே கிடைக்கும். சென்னை மாநகராட்சி விநியோகத் தொழிலாளர்களுக்கென 2025-இல் திறந்த ஓய்வறை அந்தத் திசையில் ஒரு நல்ல அடி. எல்லா நகரங்களிலும் தேவைப்படும் அடி. தொழிற்பயிற்சி நிலையங்களும் உற்பத்தியாளர்களும் இரண்டு பக்கங்களில் அடங்கும் ஒரு பொருத்துமுறைக் குறிப்பை ஒவ்வொரு மாநில மொழியிலும், பணிமனையில் வழங்கும் சொற்களிலேயே வெளியிடவேண்டும். 'மின்னுருகி' என்று எழுதி அடைப்புக்குள் விளக்கம் தருவதைவிட 'ஃபியூஸ்' என்றே எழுதுவது உயிரைக் காக்கும் குறிப்புக்குப் பொருத்தம். கலைச்சொல்லாக்கத்திற்கு உரிய இடம் வேறு. பழுக்கக் காயும் வயருக்கு அருகே அதற்கு இடமில்லை.

இந்த மூன்றாவது பணியில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்கு உண்டு. மொழித்துறைகளில் தொழில்மொழி பற்றிய ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. மீனவர் சொற்கள், நெசவாளர் சொற்கள், கொல்லர் சொற்கள் தொகுக்கப்படுகின்றன. அவை அழிவதற்குமுன் காப்பாற்றப்படவேண்டியவை என்ற பரிவு அந்தத் தொகுப்புகளில் இருக்கிறது. அழியாமல், இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தொழில்மொழி வளாகத்தின் வாயிலுக்கு எதிரேயுள்ள பணிமனையில் பேசப்படுகிறது. அதைத் தொகுப்பதன் பயன் அருங்காட்சியகத்திற்கன்று, கையேட்டுக்கு. பொறியியல் துறை மாணவர் சுற்றுப்படத்தை வரையலாம். மொழியியல் மாணவர் அதற்குச் சொற்களைப் பணிமனையிலிருந்து எடுத்து வரலாம். சமூகவியல் மாணவர் செலவுக் கணக்கை நாள்வாரியாக எழுதலாம். ஒரே வயரின் மூன்று முனைகள் இவை.

ஆய்வறையில் பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும்போது செயலியைத் திறப்பவர்களுக்கு வரைபடத்தில் ஒரு சிறு வண்டி ஊர்ந்து வருவது தெரியும். அந்தப் புள்ளி நகர்வதற்கு வண்டியில் பெட்ரோல் மட்டும் போதாது. அதை ஓட்டி வருபவரின் செல்பேசி உயிரோடு இருக்கவேண்டும். அதற்கு அவர் தம் கைக்காசில், தம் பேட்டரியில், சிலபோது தம் தொடைக்கருகே ஃபியூஸ் இல்லாமல் ஓடும் ஒரு வயரில் விலை கொடுத்திருக்கிறார். ரசீதில் டெலிவரி கட்டணம் இருக்கும். பிளாட்பார்ம் கட்டணம் இருக்கும். அந்த வயருக்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை.